துண்டுக்கு அடியில் பேசும் சில்லுகள்

தருமபுரி மாவட்டத்து மாட்டுச் சந்தை எதற்கேனும் நீங்கள் போனதுண்டா? போயிருந்தால், தரகர்கள் விலை பேசும் விந்தையைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். இருவர் எதிரெதிரே நின்று கைகளைக் கோத்துக் கொள்வார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அந்தக் கைகளின்மேல் போட்டு மூடிக்கொள்வார்கள். வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. துண்டுக்கு அடியில் விரல்கள் மட்டும் அசையும். சற்று நேரத்தில் ஒருவர் தலையசைப்பார், மாடு கைமாறிவிடும். என்ன விலை என்பது பக்கத்தில் நிற்கும் நமக்குத் தெரியவே தெரியாது.

கணிப்பொறியைப் பற்றிய கட்டுரையில் மாட்டுச் சந்தைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. சற்றுப் பொறுங்கள்.

காரிமங்கலத்தில் என் வீட்டிற்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி, ஒரு நாள் மாலை, பழைய துணிப்பையில் ஒரு மடிக்கணிப்பொறியைப் போட்டு எடுத்து வந்தாள். மூடியில் தமிழக அரசின் சின்னம். அவளுடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு இலவசமாக வழங்கியது. அவர் வேலைக்கு ஓசூர் போன பிறகு அது பல ஆண்டுகள் இரும்புப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

“பழுது பார்க்கிற கடையில, இது இனிமே ஆகாது, காயலான் கடையில போட்டுடுன்னு சொல்லிட்டாங்க சார். ஆனா அண்ணன் கல்யாண போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. எனக்கும் காலேஜ் புராஜெக்ட் செய்ய வேற மிஷின் இல்ல” என்றாள்.

பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையில் எழுத்துக்கள் வந்தன. விண்டோஸ் 7 பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. எனவே இயந்திரம் சாகவில்லை. அதற்குள் இருந்த இயக்க அமைப்புதான் நொடித்துப் போயிருக்கிறது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டியதாகும்.

இத்தகைய கணிப்பொறிகள் நம் மாநிலத்தில் ஒன்றிரண்டல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தின் கீழ், 2019 வரையில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணிப்பொறிகளைத் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கியது. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் 2 ஜிகாபைட் நினைவகமும் 320 ஜிகாபைட் வன்தட்டும் இருந்தன. அன்றைக்கு அது போதுமானது. ஆனால் விண்டோஸ் 7-க்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14-உடன் நின்றுபோயின. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் உள்ள புதிய செயலியும் கேட்கிறது. ஆகவே அந்த வழி அடைபட்டுவிட்டது.

இன்னொரு வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரசு தந்த மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்சும் கூடவே நிறுவப்பட்டிருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. பெற்றவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். நம் மாணவியின் அண்ணன் இடம் போதவில்லை என்று அதை முதல் வாரத்திலேயே அழித்துவிட்டாராம்.

இயக்க அமைப்பு என்ன செய்கிறது?

நீங்கள் விசைப்பலகையில் ‘க’ என்று தட்டுகிறீர்கள். திரையில் ‘க’ தோன்றுகிறது. இடையில் என்ன நடந்தது? விசைப்பலகை அனுப்பியது ஓர் எண்ணை. திரையில் ஒளிர்ந்தவை சில புள்ளிகள். எண்ணை வாங்கி, எழுத்தாக்கி, புள்ளிகளாக்கி அனுப்பும் பொறுப்பு இயக்க அமைப்பினுடையது. அதன் நடுநாயகமான பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். தமிழில் கரு எனலாம்.

கருவுக்கு ஒரு தொல்லை உண்டு. உலகில் ஆயிரக்கணக்கான வகைத் திரைகள், ஒலிச் சில்லுகள், வை-ஃபை சில்லுகள், அச்சுப்பொறிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். ஒன்றிடம் “ஒலியைக் கூட்டு” என்று சொல்ல ஒரு முகவரியில் 7 என்று எழுத வேண்டும். இன்னொன்றிடம் அதையே சொல்ல வேறொரு முகவரியில் வேறோர் எண்ணை எழுத வேண்டும். இதற்காக ஒவ்வொரு சாதனத்திற்கும் ஒரு துபாஷி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் துபாஷிதான் இயக்கி, அதாவது டிரைவர் என்று நாம் சொல்லும் சிறு நிரல்.

லினக்ஸ் கரு இன்று ஏறத்தாழ 4 கோடி வரிகள் கொண்ட மாபெரும் நிரல். அதில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த இயக்கிகளே.

துபாஷிகள் எங்கிருந்து வருகிறார்கள்? விண்டோசுக்கு வேண்டிய துபாஷியைச் சாதனத்தைச் செய்த நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். எழுதாவிட்டால் சாதனம் விற்காது. லினக்சுக்கு அவ்வாறு எழுதித்தர நெடுங்காலம் பல நிறுவனங்கள் முன்வரவில்லை. சரி, எழுதித்தர வேண்டாம், உங்கள் சில்லு எந்த எண்ணுக்கு என்ன செய்யும் என்ற விவரத்தையாவது தாருங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டவர்களுக்கும் பலமுறை கிடைத்த விடை மௌனந்தான். போட்டி நிறுவனம் தெரிந்துகொண்டுவிடுமே என்ற அச்சம். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விட்டார்கள். இப்போது சந்தைக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பு விளங்குகிறதா?

ஓர் அச்சுப்பொறியால் பிறந்த இயக்கம்

திறந்த மூல மென்பொருளின் வரலாறே ஒரு துபாஷி கிடைக்காத கோபத்தில் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர் பணிபுரிந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அதன் நிரலை அவர் மாற்றியமைத்திருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் இம்முறை அதன் மூல நிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். வெளியே தருவதில்லை என்று நிறுவனத்திற்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய இயக்க அமைப்பு ஒன்றை உருவாக்கப் போவதாக 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் அறிவித்ததற்கு இந்த மனத்தாங்கலும் ஒரு காரணம். அதன் பெயர் ‘க்னூ’.

அந்த அமைப்புக்கு ஒரு கரு வாய்க்கச் சில ஆண்டுகள் பிடித்தன. 1991 ஆகஸ்டு 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஓர் இயக்க அமைப்பு எழுதிவருவதாகத் தெரிவித்தார். தன்னிடம் உள்ள ஏ.டி. வகை வன்தட்டைத் தவிர வேறெதிலும் அது இயங்காது, இனியும் இயங்கப் போவதில்லை என்ற பொருள்படவும் எழுதினார். ஆரூடம் பொய்த்தது! அடுத்த ஆண்டே லினக்ஸ் க்னூவின் பொது உரிமத்தின் கீழ் வந்தது. யார் கையில் எந்தச் சாதனம் இருந்ததோ அதற்கு அவரவர் துபாஷி எழுதிச் சேர்த்தார்கள். நாசாவில் பணிபுரிந்த டொனால்டு பெக்கர் என்பவர் பல வகையான வலைப்பின்னல் அட்டைகளுக்கு இயக்கிகளை எழுதித் தள்ளினார். மலிவான கணிப்பொறிகளை அந்த அட்டைகளால் பிணைத்து அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் 1994-இல் அமைத்த ‘பியோவுல்ஃப்’ தொகுதியே, இன்றைய மீக்கணிப்பொறிகள் பலவற்றுக்கும் முன்மாதிரி.

விவரம் தராத சில்லுகளை என்ன செய்தார்கள்? இங்கேதான் கதை சுவையாகிறது. துண்டுக்கடியில் விரல் தெரியாவிட்டால் என்ன? முழங்கை அசைவது தெரிகிறதல்லவா? பிராட்காம் நிறுவனத்தின் வை-ஃபை சில்லுகளுக்கு லினக்ஸ் இயக்கி இல்லாதிருந்த காலத்தில், சில ஆர்வலர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள். முதல் குழு, ஏற்கனவே இருந்த இயக்கியை ஆராய்ந்து, எந்த முகவரியில் என்ன எண் போகிறது, சில்லு என்ன விடை தருகிறது என்பதை மட்டும் குறிப்புகளாக எழுதியது. இரண்டாம் குழு, அந்த இயக்கியைக் கண்ணால்கூடப் பாராமல், குறிப்புகளை மட்டும் வைத்துப் புதிய இயக்கியை எழுதியது. பிறர் எழுத்தை நகலெடுத்தார்கள் என்று வழக்கு வரக்கூடாதே என்பதற்காக இந்த ஏற்பாடு. 2006-இல் அந்த இயக்கி லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. 2010-இல் பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூல இயக்கியை வெளியிட்டது.

திரைச் சில்லுகளிலும் இதே போராட்டம் நடந்தது. 2012-இல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில், என்விடியா நிறுவனம் ஒத்துழைப்பதில்லை என்று டோர்வால்ட்ஸ் அச்சிட முடியாத சொற்களால் கண்டித்தார். அந்த நிறுவனம் தன் கரு இயக்கிகளின் மூலத்தை 2022-இல் வெளியிட்டது. பத்து ஆண்டுகள்!

நிறுவுவதற்கு முன்

நம் காரிமங்கலத்துப் பெட்டிக்கு வருவோம். புதிய இயக்க அமைப்பை நிறுவுவதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து எது தெரியுமா? இயந்திரம் கெட்டுவிடும் என்பதன்று. நிறுவும் நிரல், “வட்டு முழுவதையும் அழித்துப் பயன்படுத்தலாமா?” என்று ஒரு கட்டத்தில் கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்தினால் அண்ணன் கல்யாணப் படங்கள் போயின. போனவற்றை மீட்பது பெரும்பாலும் ஆகாத காரியம். இதனால்தான், கை பரபரத்தாலும், முதல் நாள் எதையும் நிறுவக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன்.

லினக்சில் இதற்கு அருமையான வசதி இருக்கிறது. அதைப் பென் டிரைவில் எழுதி, அங்கிருந்தே இயக்கிப் பார்க்கலாம். கணிப்பொறியின் வட்டில் ஓர் எழுத்தும் மாறாது. ‘லைவ்’ பதிப்பு என்று இதைச் சொல்வார்கள். மாப்பிள்ளை பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது டெபியன். 1993 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் லினக்ஸ் வெளியீடு அது. பாஸ் அமைப்பும் இதை அடியொற்றியே செய்யப்பட்டது. டெபியனில் பல முகப்புகள் உண்டு. 2 ஜிகாபைட் நினைவகத்தில் ஆடம்பரமான முகப்பு திணறும். எனவே எல்.எக்ஸ்.கியூ.டி. என்னும் எளிய முகப்பு கொண்ட லைவ் கோப்பைத் தேர்ந்தோம். இங்கு ஒரு செய்தி. உங்கள் இயந்திரத்தின் செயலி 64 பிட் வகையா என்று முதலில் பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணிப்பொறிகளில் நிறுவுவதற்கான கோப்புகளைத் தருவதில்லை. அவற்றுக்கு 12-ஆம் பதிப்பையே நாட வேண்டும்.

நண்பரின் கணிப்பொறியில் கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு நிரலால் 8 ஜிகாபைட் பென் டிரைவில் எழுதினோம். பென் டிரைவில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு அதை மடிக்கணிப்பொறியில் செருகி, இயக்கும்போதே எஃப்12 விசையை அழுத்தினோம். சிலவற்றில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும்.

பட்டியலுக்குப் பதில் எங்களை வரவேற்றது ஓர் எச்சரிக்கை. கணிப்பொறியின் கடிகாரத்தில் தேதி 2012 சனவரி 1! பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்ததில், கடிகாரத்தை ஓட்டிவந்த நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. அற்பம் என்று இதை விட்டுவிடக்கூடாது. பாதுகாப்பான இணையத்தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அது இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2012-இல் வாழும் கணிப்பொறிக்கு, இந்த ஆண்டில் வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை. ஆகவே நம்ப மறுத்துவிடும். தேதியைத் திருத்தினோம். மின்கலத்தைப் பின்னொரு நாள் மாற்றினோம்.

சில நிமிடங்களில் திரையில் டெபியன் வந்து நின்றது. மாணவி முதலில் தேடியது படங்களைத்தான். விண்டோஸ் பகுதியை லினக்சால் படிக்க முடியும். வெளி வட்டு ஒன்றைச் செருகி ஏறத்தாழ 40 ஜிகாபைட்டை அதில் நகலெடுத்தோம். கல்யாணப் படங்களோடு, அப்பா ஒளிவருடி எடுத்துவைத்திருந்த நிலப் பத்திரமும் அகப்பட்டது. இப்படி அது அங்கே இருப்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. (உங்களுடையது விண்டோஸ் 10 ஆனால், முதலில் அதை முழுமையாக நிறுத்திவிட்டு வாருங்கள். அரைத் தூக்கத்தில் விட்டால், அந்தப் பகுதியைப் படிக்கலாம். அதில் எழுத லினக்ஸ் மறுத்துவிடக்கூடும்.)

அடுத்து வன்தட்டின் உடல்நிலை. வன்தட்டுகள் தம் பழுதுகளைத் தாமே கணக்கு எழுதிவைக்கும். ‘ஸ்மார்ட்’ என்பது அந்தக் கணக்கின் பெயர். கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அதில் தெரியும். எங்களுடையதில் அது சுழி. ஏறிக்கொண்டே போகும் எண் இருந்தால் அந்த வட்டை நம்பாதீர்கள்.

ஒலி வந்தது. திரை வெளிச்சம் கூடிக் குறைந்தது. தொடுதட்டு வேலை செய்தது. வை-ஃபை? அப்படி ஒரு சாதனம் இருப்பதாகவே லினக்ஸ் காட்டிக்கொள்ளவில்லை.

எண்ணால் ஆன பெயர்

இவ்விடத்தில்தான் பலர் மனம் சோர்ந்து பெட்டியை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம். சில்லின் பெயரை முதலில் கண்டறிய வேண்டும். கணிப்பொறியின் மேல் ஒட்டியிருக்கும் விளம்பரப் பெயர் இதற்கு உதவாது. ஒரே பெயரில் விற்ற இரு மடிக்கணிப்பொறிகளுக்குள் இருவேறு வை-ஃபை சில்லுகள் இருப்பதுண்டு.

கணிப்பொறிக்குள் பி.சி.ஐ. பாதையில் இணைந்த ஒவ்வொரு சாதனமும் இரண்டு எண்களைச் சுமந்துகொண்டிருக்கும். முதலாவது செய்த நிறுவனத்தின் எண். இரண்டாவது சாதனத்தின் எண். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. ஆம், 1978-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரேதான்! எண்ணிலும் ஒரு குலப்பெருமை. லினக்சின் கட்டளைச் சாளரத்தில் ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளையைத் தட்டினால் சாதனங்களின் பட்டியல் வரும். பக்கத்தில் ஒரு கழித்தல் குறியும் இரண்டு ‘என்’ எழுத்துக்களும் சேர்த்துத் தட்டினால் இந்த எண்களும் வரும். எங்கள் பட்டியலில் வை-ஃபை சில்லு தெரிந்தது. எனவே வன்பொருள் உயிரோடு இருக்கிறது. பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்த கேள்வி: துபாஷி வந்தாரா? கரு தான் விழித்தது முதல் நடந்ததையெல்லாம் நாட்குறிப்பாக எழுதிவைக்கிறது. ‘டிமெஸ்ஜி’ என்ற கட்டளை அதைக் காட்டும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. அவற்றுள் ஒன்றைப் பிடித்துவிட்டோம். நிலைப்பொருளை ஏற்ற முடியவில்லை, பிழை எண் கழித்தல் 2 என்றது அது. அந்த எண்ணுக்கு, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பொருள்.

நிலைப்பொருள் என்றால் என்ன? வை-ஃபை சில்லு என்பது தனக்கென்று ஒரு சிறு செயலியும் நினைவகமும் கொண்ட குட்டிக் கணிப்பொறி. அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அதை நிரந்தரமாகச் சில்லிலேயே பதித்தால் செலவு கூடும்; பின்னால் திருத்தவும் இயலாது. ஆகவே பல நிறுவனங்கள் சில்லை வெறும் தலையோடு விற்கின்றன. ஒவ்வொரு முறை மின்சாரம் பாயும்போதும், இயக்கி அந்த நிரலை வட்டிலிருந்து எடுத்துச் சில்லுக்குள் ஊற்ற வேண்டும். அதுவே நிலைப்பொருள். துபாஷி வந்துவிட்டார், ஆனால் அவர் பேச வேண்டிய ஆள் இன்னும் கண்விழிக்கவில்லை. எங்கள் சங்கடம் அதுதான்.

இந்த நிலைப்பொருள்களின் மூல நிரலை நிறுவனங்கள் பெரும்பாலும் தருவதில்லை. முற்றிலும் திறந்ததையே தரவேண்டும் என்ற கொள்கையால், டெபியன் நெடுங்காலம் அவற்றைத் தன் நிறுவும் வட்டில் சேர்க்காமல் இருந்தது. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் முதல்முறை நிறுவ வந்தவர் வை-ஃபை இல்லாமல் திண்டாடினார். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, பகிர உரிமையுள்ள நிலைப்பொருள்களை வட்டிலேயே வைப்பது என்று முடிவு செய்தார்கள். 2023 சூனில் வந்த 12-ஆம் பதிப்பு முதல் அப்படியே நடக்கிறது. அந்த முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். கதவு திறந்தால்தானே உள்ளே வந்து கொள்கையைக் கேட்க முடியும்? மாற்றுக் கருத்துடையவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு.

இருப்பினும் சில சில்லுகளின் நிலைப்பொருளைப் பிறர் பகிரவே உரிமை இல்லை. பயன்படுத்துபவரே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். எங்களுடையது அந்த இரகம். இணையம் வேண்டுமானால் நிலைப்பொருள் வேண்டும். நிலைப்பொருள் வேண்டுமானால் இணையம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதை!

இந்த முடிச்சை அவிழ்த்தது, அந்தப் பெண்ணின் கையில் இருந்த கைப்பேசி. ஆண்டிராய்டு கைப்பேசியை மின்னேற்றும் கம்பியால் கணிப்பொறியோடு இணைத்து, அதன் அமைப்புகளில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதைத் தொட்டால், கைப்பேசி தன்னை ஒரு வலைப்பின்னல் அட்டையாகக் கணிப்பொறியிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும். இந்த அறிமுகம் எல்லாக் கைப்பேசிகளுக்கும் பொதுவான சில முறைகளில் நடப்பது. துண்டு மூடாத வெளிப்படைப் பேச்சு. அதற்கான துபாஷிகள் கருவிலேயே ஆயத்தமாக இருக்கிறார்கள். செருகிய சில நொடிகளில் இணையம் வந்துவிட்டது. வை-ஃபை இல்லாத கணிப்பொறிக்கு எவ்வளவு எளிய வைத்தியம் பாருங்கள். இது தெரியாமல் எத்தனை இயந்திரங்கள் பரணுக்குப் போயினவோ.

இனி நிறுவலாம் என்று துணிந்தோம். நகலெடுத்த படங்களை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பின்பே, “வட்டு முழுவதையும்” என்பதை அழுத்தினோம். அழுத்தும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நிறுவி முடிந்ததும், கட்டற்றவை அல்லாத தொகுப்புகளும் இருக்கும் களஞ்சியத்தை அமைப்பில் சேர்த்து, சில்லின் இரு எண்களை வைத்து அதற்குரிய தொகுப்பு எது என்று டெபியனின் ஆவணத்தில் தேடி, கைப்பேசி இணையத்தின் வழியே இறக்கினோம். மறுபடி இயக்கியபோது வலைகளின் பட்டியல் விரிந்தது. எங்கள் தெருவில் யார் யார் வீட்டில் வை-ஃபை இருக்கிறது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

இவ்வளவு செய்தும் சிலருக்கு வை-ஃபை வராமல் போகலாம். அப்போது, நன்கு ஆதரவுள்ள சில்லு கொண்ட சிறு யு.எஸ்.பி. வை-ஃபை செருகி ஒன்று வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஏதெரோஸ் ஏ.ஆர். 9271 என்ற சில்லுக்கு நிலைப்பொருளின் மூலமேகூட வெளியாகியிருக்கிறது. தொடக்கத்திலேயே திரை இருண்டுவிட்டால், தொடக்கப் பட்டியலில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். திரைச் சில்லின் தனித்திறமைகளைத் தொடாமல் எளிய முறையில் படம் காட்டச் சொல்லும் ஆணை அது. நினைவகம் 2 ஜிகாபைட்டோடு நின்றுவிட்டால் உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைக்காதீர்கள். பழைய டி.டி.ஆர்.3 நினைவக அட்டை கிடைத்தால் சேருங்கள். வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டு போட்டால் வேகத்தில் உள்ள வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

தமிழில் எழுதுவதற்கு ‘ஐபஸ்’ என்ற அமைப்பையும் அதனோடு ‘எம்17என்’ தொகுப்பையும் சேர்த்தால், 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். லிப்ரே ஆபீசும் பைத்தானும் ஏற்றினோம். பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டுவைப் படம் போட்டுப் படித்தவள்தான் அவள். அதன் உறவினரைக் கையால் தொட்டது இதுவே முதல் தடவையாம்.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. மூடியை மூடினால் கணிப்பொறி உறங்கிவிடுகிறது. திறந்தால் திரை விழிப்பதில்லை. கருவின் நாட்குறிப்பில் அந்த நேரத்து வரிகளைப் படியெடுத்து வைத்திருக்கிறோம். திரைச் சில்லா, தொடக்க அமைப்பா, எது குற்றவாளி என்று இன்னும் பிடிபடவில்லை. இப்போதைக்கு, மூடியை மூடினாலும் உறங்க வேண்டாம் என்று அமைப்பில் மாற்றியிருக்கிறோம். அப்படியே பைக்குள் வைத்தால் சூடேறிவிடும், நிறுத்திவிட்டு வை என்று சொல்லியிருக்கிறேன். “சரி சார்” என்றாள்.